பெட்டிக்கு ஊர் சொன்னவள்

எங்கள் அணை அலுவலகத்தில் சம்பளம் வாங்குவதற்கென்று அவளுக்கு ஒரு பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். எல்லோருக்கும் அவள் ‘எந்த ஊரம்மா’. அந்தப் பட்டத்தைச் சூட்டியவன் நான்தான். மதகு இயக்குகிறவனுக்கு வேலை கொஞ்சம், வாய் நிறைய.

சங்கைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது விளங்காது. அணையிலிருந்து ஆற்றில் தண்ணீர் விடுவதற்கு அரை மணி முன்னால், கரை நெடுக நிற்கும் கம்பங்களில் சங்கு ஊத வேண்டும். படுகையில் துணி துவைக்கிறவர்கள், ஆடு மேய்க்கிறவர்கள், கோடையில் மணலைக் கிளறி வெள்ளரி போடுகிறவர்கள் எல்லோரும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கரையேறுவார்கள். என் காலத்தில் நானே பொத்தானை அமுக்கிச் சங்கு ஊதி, ஒரு டீ குடித்து, ஒரு வம்பு பேசி, அரை மணி கழித்து மதகைத் திறப்பேன். “இன்னிக்கு யாருக்குண்ணே சங்கு?” என்று கேட்காத டீக்கடைக்காரன் இல்லை.

பிறகு அந்த வேலையை இரண்டு கம்ப்யூட்டர்களிடம் கொடுத்துவிட்டார்கள். சர்வர் என்றார்கள், எங்களுக்குப் பெட்டி. சங்குக்கு ஒன்று, மதகுக்கு ஒன்று. ஒன்று படுத்தால் மற்றதும் கூடவே படுக்கக் கூடாதாம். பத்து மணிக்குத் தண்ணீர் என்றால் ஒன்பதரைக்குச் சங்குப் பெட்டி தானாக ஊதும், பத்துக்கு மதகுப் பெட்டி தானாகத் திறக்கும். எனக்கு ஒரு நாற்காலியும், பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கும் உத்தியோகமும் மிஞ்சின.

அவள் அப்போது தட்டச்சு வேலையில் இருந்தாள். பெட்டிகளை வைத்துவிட்டுக் கம்பெனிக்காரர்கள் போன பிறகு, பூனைக்கு யார் மணி கட்டுவது என்று அலுவலகமே முழித்தது. அவள் கட்டினாள். கம்பெனி ஆள் ஒருவன் அடுத்த முறை வந்தபோது அவன் பின்னாலேயே நின்று, கேட்டுக் கேட்டு அவனை ஒரு வழி பண்ணிவிட்டாள். அவன் கிளம்பும்போது “அம்மா, இனிமே நான் வரவே வேண்டாம்” என்று கும்பிட்டுவிட்டுப் போனான். அது பாராட்டா, தப்பித்த நிம்மதியா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

பெட்டியில் மணி தவறினால் நாங்கள் என்ன செய்வோம்? சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துத் திருத்துவோம். அதற்குத்தான் அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்வோம்.

“பெட்டிக்கு மணி சொல்லாதீங்க. எந்த ஊர்ல இருக்கோம்னு சொல்லுங்க. மணியை அதுவே பாத்துக்கும்.”

உலகம் முழுமைக்கும் பொதுவான மணி ஒன்று இருக்கிறதாம். அது கம்பி வழியாகப் பெட்டிக்கு வந்துகொண்டே இருக்கும். நாம் எந்த ஊர் என்று சொல்லி வைத்தால், அந்த ஊருக்கு எவ்வளவு கூட்ட வேண்டுமோ அதைக் கூட்டித் தன் கடிகாரத்தைப் பெட்டியே திருத்திக்கொள்ளும். ஊரைத் தப்பாகச் சொல்லிவிட்டு மணியை மட்டும் கையால் திருத்தினால், அப்போதைக்குச் சரியாகக் காட்டும். அடுத்த முறை வெளியே இருந்து மணி வந்ததும் பழையபடி தப்புக்கே போய்விடும். எங்கள் ஊரெல்லாம் பெட்டிக்குள் இருக்கும் ஊர்ப் பட்டியலில் இருக்குமா? பெரிய பெரிய நகரங்களாக வரிசை கட்டி நிற்கும். அதில் நம் தலைநகரைத் தேடிப் போட வேண்டும். யார் பெட்டியைத் தொட்டாலும் ஓடிவந்து “எந்த ஊரு போட்டீங்க?” என்பாள். பட்டம் வராமல் என்ன செய்யும்?

அந்தக் கேள்வி அவளிடம் பெட்டி வருவதற்கு முன்பே இருந்தது. அவள் கணவன் சரக்குக் கப்பலில் வேலை. துறைமுகம் துறைமுகமாகப் போய் அலுவலகத் தொலைபேசிக்குக் கூப்பிடுவான். எடுத்ததும் “எந்த ஊரு?” என்பாள். அவன் ஊரைச் சொன்னால் அங்கே விடிந்திருக்கிறதா, உச்சி வெயிலா என்று மனக்கணக்குப் போட்டு, அதற்கேற்றபடி “சாப்டீங்களா” என்றோ “தூங்கலையா” என்றோ கேட்பாள். பக்கத்து மேசையில் உட்கார்ந்து அதைக் கேட்கவே எங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும்.

ஒரு நாள் மதியம் அவன் கூப்பிட்டான். வழக்கம்போலக் கேட்டாள். அன்றைக்கு அவன் ஊரைச் சொல்லவில்லை. “ஊரு என்னத்துக்கு, இங்க நடுராத்திரி, கண்ணு சொக்குது” என்றான். அவன் குரலுக்குப் பின்னால் பள்ளிக்கூட மணி அடித்தது. பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடுகிற சத்தம் கேட்டது. எதிர் மேசையில் இருந்த எனக்கே கேட்டது. அவள் சுவர்க் கடிகாரத்தை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு, “சரி, தூங்குங்க” என்று சொல்லிவிட்டு வைத்தாள். கப்பலை விட்டு இறங்கி வேறொரு வீட்டில் அவன் குடியேறி வெகுநாள் ஆகியிருந்தது என்பது பின்னால்தான் தெரிய வந்தது. அவள் அழுது நான் பார்க்கவில்லை. அன்று மாலை வரை தட்டச்சு செய்துகொண்டிருந்தாள், ஒரு எழுத்துப் பிழை இல்லாமல்.

குழந்தை இல்லை. தையல்கடை மாடியில் ஒரே ஓர் அறை. அண்ணன் தம்பி என்று யாரும் வந்து போனதில்லை. என்னை அண்ணே என்பாள், என் வீட்டுக்காரியை அண்ணி என்பாள். இவளும் விடாமல் “வாங்க நாத்தனாரே” என்று பதிலுக்கு உறவு கொண்டாடுவாள். அந்த அலுவலகத்தையும் எங்களையும் விட்டால் அவளுக்குப் போக்கிடம் இல்லை. பின்னால் நடந்ததைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் அதை நினைவில் வைக்க வேண்டும்.

அவளிடம் இன்னொரு வழக்கம் உண்டு. பெட்டியின் கடிகாரத்தில் கைவைத்துவிட்டால், அடுத்த தடவை தண்ணீர் விடும்போது கீழே முதல் சங்குக் கம்பம் வரைக்கும் போவாள். அதன் அடியில் நின்று சங்கைத் தன் காதால் கேட்டுவிட்டுத்தான் திரும்புவாள். அணையிலிருந்து அந்தக் கம்பத்துக்கு ஆற்று வழியாகத் தண்ணீருக்கு ஐந்து நிமிடம். சாலை மலையைச் சுற்றிக்கொண்டு போவதால் நடந்து போகிற மனிதருக்கு முக்கால் மணி.

“பச்சை விளக்குதான் எரியுதே, எதுக்கும்மா இந்த நடை?” என்று கேட்டிருக்கிறேன்.

“விளக்கு உங்களுக்கு எரியுது அண்ணே. கீழ இருக்கறவங்களுக்கு ஊதணும்ல” என்பாள்.

முதலில் ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தவள், திடீரென்று நடந்து போக ஆரம்பித்தாள். உடம்புக்கு நல்லது என்றாள். நாங்களும் நம்பினோம். படியில் இறங்கும்போது காலால் துழாவுவதையும், திரையில் எழுத்தை ஆட்டுக்குட்டி அளவுக்குப் பெரிதாக்கி வைத்துக்கொள்வதையும் வயசுக் கோளாறு என்று விட்டுவிட்டோம். அவள் கண்ணில் புகை படிந்துகொண்டிருந்தது. வைத்தியரிடம் போனால் சீட்டு எழுதுவார், சீட்டு மேலிடத்துக்குப் போகும், கண் தெரியாதவளுக்குப் பெட்டியைக் கொடுப்பார்களா? அந்த பயத்தில் வாயைத் திறக்கவில்லை. என்மேல் எனக்கு இருக்கும் கோபத்தைவிட அவள்மேல் எனக்கு அதிகக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

அந்தக் கோடையில் ஒரு நாள் இடி விழுந்து சங்குப் பெட்டி கருகிவிட்டது. வெளிக் கம்பியும் அறுந்து போயிற்று. கீழே பயிர் வாடிக் கிடந்ததால் மறுநாள் பத்து மணிக்குத் தண்ணீர் விட்டே ஆக வேண்டும் என்று எஞ்சினியர் நின்றார். கிடங்கில் கிடந்த மாற்றுப் பெட்டியையும், அதனோடு உள்ளங்கை அகலத்தில் ஒரு பழைய திரையையும் கொண்டுவந்து வைத்தார்கள். அந்தத் திரையில் எழுத்தைப் பெரிதாக்க வழியில்லை.

அவள் மூக்கு திரையில் உரசுகிற மாதிரி குனிந்து வேலை பார்த்தாள். பட்டியலில் தலைநகரைத் தேடிப் போட்டாள். போட்டதாக நினைத்தாள். விரல் ஒரு வரி கீழே இறங்கி, அடுத்திருந்த வெளிநாட்டு நகரத்தின் மேல் நின்றிருந்தது. அந்த ஊர் நமக்கு அரை மணி பின்தங்கியது. கம்பி அறுந்து கிடந்ததால் வெளியிலிருந்து மணி வரவில்லை. பெட்டி ஏதோ ஒரு மணியைக் காட்டிக்கொண்டிருந்தது.

“அண்ணே, உங்க வாட்ச்ல மணி என்ன?” என்று கேட்டாள்.

சொன்னேன். அதைக் கையால் அடித்தாள். ஊருக்கெல்லாம் குறி சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி. யார் செய்தாலும் எதற்காகக் கடித்துக் குதறுவாளோ அந்தக் காரியத்தை அவளே செய்தாள். “இப்போதைக்கு” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டது என் காதில் விழுந்தது. திரையும் என் கைக்கடிகாரமும் ஒன்றாகக் காட்டின. எல்லோரும் வீட்டுக்குப் போனோம்.

மறுநாள் காலையில் கம்பி வேலைக்காரர்கள் வந்து அறுந்ததை இணைத்துவிட்டுப் போனார்கள். வெளி மணி வந்தது. பெட்டி தனக்குச் சொல்லப்பட்ட ஊருக்கு விசுவாசமாக அரை மணி பின்னால் போய் நின்றுகொண்டது. அதன் கடிகாரத்தில் ஒன்பதரை ஆகும்போது எங்களுக்குப் பத்து. சங்கு ஊதுகிற நொடியும் மதகு திறக்கிற நொடியும் ஒன்றே. என் முன்னால் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பெட்டி உயிரோடு இருக்கிறது என்பது மட்டும்தான் அந்த விளக்குக்குத் தெரியும். சங்கு ஊதுவது மலைக்கு அப்பால், என் அறைக்குக் கேட்காது.

கம்பி இணைவதற்கு முன்பே எந்த ஊரம்மா கம்பத்துக்கு நடக்க ஆரம்பித்திருந்தாள். அதன் பிறகு நடந்ததெல்லாம் என் வீட்டுக்காரி சொன்னது. ஏனென்றால் அவள் அன்று படுகையில் இருந்தாள். எங்கள் வெள்ளரிப் பாத்தி அங்கேதான் இருந்தது.

ஒன்பதரைக்குச் சங்கு ஊதவில்லை. எந்த ஊரம்மா கம்பத்தடியில் கொஞ்சம் பொறுத்துப் பார்த்திருக்கிறாள். கைப்பேசியை எடுத்துப் பார்த்திருக்கிறாள். அந்தப் பள்ளத்தில் என்றைக்கு சிக்னல் கிடைத்திருக்கிறது? மேலே ஏறி வந்து மதகை நிறுத்துவதற்கு முக்கால் மணி வேண்டும். அரை மணிகூட இல்லை. கம்பத்தை விட்டுவிட்டு ஆற்றுக்குள் இறங்கினாள். கல் தடுக்கி இரண்டு தடவை விழுந்தாளாம்.

“எல்லாரும் ஏறுங்க, தண்ணி வருது.”

யாரும் அசையவில்லை. துவைக்கிறவள் ஒருத்தி நிமிர்ந்து பார்த்து, “சங்கே ஊதலையேம்மா” என்றாள். ஆட்டுக்காரர் சிரித்தார். அவர்களைக் குறை சொல்ல முடியாது. சங்கு ஊதாமல் தண்ணீர் வராது என்று அத்தனை வருடமாக அவர்களைப் பழக்கியவர்கள் நாங்கள்தான்.

“சங்கு ஊதாது. நான் கெடுத்துட்டேன். மணியைத் தப்பா வச்சுட்டேன். ஏறுங்க.”

அப்போதும் பாதிப் பேர் குனிந்த தலை நிமிரவில்லை. இத்தனை துணியையும் அள்ளிக்கொண்டு ஏறிவிட்டுப் பிறகு ஒன்றுமில்லை என்றால்? அவள் நடு ஆற்று மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

“நீங்க கடைசி ஆள் ஏறற வரைக்கும் நான் எந்திரிக்க மாட்டேன். என்னைத் தண்ணி கொண்டு போனா அந்தப் பாவம் உங்களுக்கு.”

என் வீட்டுக்காரிதான் முதலில் களைக்கொத்தைப் போட்டுவிட்டு எழுந்தவள். “நம்ம நாத்தனார் வெளையாட்டுக்கு உக்கார்றவ இல்ல, எந்திரிங்கடி” என்று எல்லோரையும் விரட்டியிருக்கிறாள். துணி மூட்டை, பிள்ளைகள், ஆடுகள், ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கரையேறின. கடைசியில் இவளும் ஆட்டுக்காரருமாகப் போய் அவள் இரண்டு கையையும் பிடித்துத் தூக்கி இழுத்து வந்தார்கள். பாதிக் கரை ஏறும்போது சங்கு ஊதியது. ஊதி அடங்கிக் கொஞ்ச நேரத்துக்கெல்லாம் தண்ணீர் வளைவைத் தாண்டி வந்தது. வெள்ளரிப் பாத்தி, துவைகல்மேல் விட்ட துணி, ஓர் ஆட்டுக்குட்டி போயிற்று. மனிதர் யாரும் போகவில்லை.

விசாரணை நடந்தது. எஞ்சினியர் நல்ல மனிதர். “இடி விழுந்ததுல மாத்துப் பெட்டியும் கெட்டுப் போச்சுன்னு முடிச்சுக்கலாம்மா, நீங்க பேசாம இருங்க” என்று முன்கூட்டியே சொல்லி வைத்தார். அவள் உள்ளே போய், “எனக்குக் கண்ணு தெரியலை சார். ஊரைத் தப்பாப் போட்டேன். கையால மணி வச்சேன். தெரிஞ்சே மறைச்சேன்” என்று சொல்லிவிட்டாள். நுணலும் தன் வாயால் கெடும் என்று அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள். அவளை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். நிறுத்தாமல் இருந்திருந்தால் நானே சண்டைக்குப் போயிருப்பேன்.

ஆம், எனக்கு அவ்வளவு ஆத்திரம். தையல்கடை மாடிக்கு ஏறிப் போனேன். தெரு முழுக்கக் கேட்கும்படி நாலு வார்த்தை கேட்கத்தான் போனேன். அவள் சுவரோரம் உட்கார்ந்து முழங்காலில் காயத்துக்கு மருந்து தடவிக்கொண்டிருந்தாள்.

“எம் பொண்டாட்டி அங்க இருந்தா, தெரியுமா உனக்கு?”

“தெரியாது அண்ணே” என்றாள். “குரல் கேட்டப்பதான் அண்ணின்னு தெரிஞ்சுது. இறங்கறப்ப யாரு முகமும் தெரியல. புகைக்குள்ள ஆளுங்க அசையற மாதிரி இருந்துது. ஆள் இருக்குன்னு மட்டும் தெரிஞ்சுது.”

என் மனைவியைச் சாகக் கொடுக்க இருந்தவளும் அவள்தான், காப்பாற்றிக் கொடுத்தவளும் அவள்தான். இரண்டையும் கூட்டிக் கழித்து ஒரு விடை சொல்ல இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அந்த மருந்துக் குப்பியின் மூடி உருண்டு கட்டிலடியில் போயிருந்தது. அவள் தரையைத் தடவித் தேடினாள். எடுத்துக் கொடுத்துவிட்டு இறங்கி வந்தேன்.

ஒரு கண்ணை அறுவை செய்து ஓரளவு மீட்டார்கள். இன்னொன்றில் நரம்பே போய்விட்டது. கீழே தையல்கடையில் பொத்தான் தைத்துக் கொடுத்துக் காலத்தை ஓட்டினாள். அணைக்குப் புது ஆள் வந்தான். வந்தான் என்று சொல்வதே தப்பு. தலைநகரில் உட்கார்ந்துகொண்டு கம்பி வழியாகவே இரண்டு பெட்டிகளையும் பார்த்துக்கொள்கிறான். கெட்டிக்காரன். இதுவரை ஒரு தவறும் இல்லை.

ஆனால் தண்ணீர் விடும் நாளெல்லாம் எந்த ஊரம்மா கம்பத்தடிக்கு வந்து நின்றாள். யாரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. வாட்ச் முள் தெரியாது. படுகையில் இருக்கும் யாரையாவது கூப்பிட்டு “மணி என்ன?” என்பாள். சங்கு ஊதி, கடைசி ஆள் ஏறிய சத்தம் அடங்கிய பிறகு, கோலை ஊன்றிக்கொண்டு போவாள். முதலில் கேலி பேசினவர்கள் பிறகு அவள் உட்காரக் கம்பத்தடியில் ஒரு துவைகல்லைத் தூக்கிப் போட்டார்கள். நான் ஓய்வு பெறுகிற நாள் வரைக்கும் என் மதகு அறை ஜன்னலில் நின்று, அவள் இப்போது அங்கே இருப்பாள் என்று நினைத்துக்கொள்வேன். அந்த நினைப்பில் எனக்கு ஒரு தைரியம் இருந்தது. பச்சை விளக்கில் அது கிடைத்ததில்லை.

போன கோடையில் ஒரு நாள் சங்கு ஊதிற்று, கல் காலியாக இருந்தது. ஆட்டுக்காரர் வந்து சொன்னதும் என் வீட்டுக்காரி நேரே தையல்கடை மாடிக்கு ஓடினாள். எந்த ஊரம்மா வெளியே போகச் செருப்பு மாட்டிக்கொண்டு வாசல் பக்கம் பார்த்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். உடம்பு குளிர்ந்திருந்தது. தூக்கிக்கொண்டு போகும்போது ஆட்டுக்காரர் முன்னால் பிடித்தார், நான் பின்னால் பிடித்தேன். சொந்தம் என்று யாரும் வராததால், அண்ணன் என்று நான் நின்று செய்ய வேண்டியதைச் செய்தேன். அன்றைக்கு அழுதேன், சொல்ல வெட்கமில்லை.

அடுத்த தடவை தண்ணீர் விட்டபோது, என் வீட்டுக்காரி வெயிலில் தலைக்குத் துணியைப் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

“எங்க?”

“கம்பத்துக்கு.”

“நமக்குப் பாத்தியும் இல்ல பயிரும் இல்ல. உனக்கு அங்க என்ன வேலை?”

“யாராவது கேக்கணும்ல” என்றாள்.

இப்போது அவளுக்கு முழங்கால் வலி, அவ்வளவு தூரம் முடியவில்லை. அதனால் நான் போகிறேன். போகாவிட்டால் வீட்டில் இருக்க விடமாட்டாள். கல்லில் உட்கார்ந்து வாட்சைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒன்பதரைக்குச் சங்கு ஊதும். எல்லோரும் ஏறியதைப் பார்த்துவிட்டுப் புலம்பிக்கொண்டே வீடு திரும்புவேன்.

வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் உள்ளே இருந்து குரல் வரும்.

“ஊதிச்சா?”

“ஊதிச்சு.”

அதற்குப் பிறகுதான் அவள் சாப்பிட உட்காருகிறாள்.